குழந்தையை உறவுக்குக் கொடுப்பதற்கு முன்: தத்தா, காப்பாளரா, இருக்கிறபடியே விடுவதா?

எங்கள் பெரியம்மா மகள் வீட்டு பீரோவில் ஒரு 20 ரூபாய் முத்திரைத்தாள் ஐந்து வருடம் கிடந்தது. "என் மகன் மீது எனக்கு இனி எந்த உரிமையும் பாத்தியதையும் இல்லை. அவனை என் அண்ணனும் அண்ணியும் வளர்த்துக்கொள்ள மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்" என்று நான்கு வரி. கீழே அக்காவின் கையெழுத்து, அண்ணனின் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி முத்திரை. அக்காவின் கணவர் இறந்து ஏழாம் மாதம் எழுதியது. பையனுக்கு அப்போது நாலு வயது.

அந்தத் தாள் இருக்கிறது என்ற தைரியத்தில் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். பையனுக்கு ஒன்பது வயதானபோது மாமரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். இரவே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். சம்மதப் படிவத்தை நீட்டிய செவிலியர் அண்ணனிடம், "நீங்க அப்பாவா?" என்று கேட்டார். அண்ணன் ஒரு நொடி தடுமாறினார். அந்த ஒரு நொடியில் செவிலியருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முத்திரைத்தாளின் படத்தைப் போனில் காட்டினோம். "இதெல்லாம் செல்லாதுங்க, பெத்தவங்க யாராவது வரணும்" என்றார்கள். அக்கா 200 கிலோமீட்டர் தள்ளி இருந்தார். பேருந்து பிடித்து விடியற்காலை நான்கரைக்கு வந்து கையெழுத்துப் போட்டார். அதுவரை பையன் வலியில் முனகிக்கொண்டு கிடந்தான்.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்கவும், தெரிந்தவர்களிடம் கேட்கவும் ஆரம்பித்தேன். அப்படிச் சேர்த்த விவரங்களையும் என் அபிப்பிராயத்தையும் இங்கே எழுதுகிறேன். இது முழுக்க இந்தியச் சட்டத்தைப் பற்றியது. கடைசி முடிவுக்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தே ஆக வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு என்பதால், காசு இல்லை என்று அதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். "உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் தாயோ தகப்பனோ பெற்றோர் என்ற இடத்திலிருந்து இறங்கிவிடலாம் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு வழியே நம் சட்டத்தில் இல்லை. பெற்றவருடைய இடம் காலியாக வேண்டுமானால் அந்த இடத்தில் இன்னொருவர் முறைப்படி வந்து உட்கார வேண்டும். அதுதான் தத்து. அல்லது மாவட்டத்தில் அரசு அமைத்திருக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையை ஒப்படைக்க வேண்டும். வேறு எந்தத் தாளில் எழுதினாலும் பெற்றவர் பெற்றவர்தான். ஜீவனாம்சம் கொடுக்கும் கடமையும் அப்படியே இருக்கும். பிரிந்து போன கணவர், "பிள்ளைமேல் உரிமை வேண்டாம், செலவும் கேட்காதே" என்று எழுதிக் கொடுத்தாலும் பிள்ளைக்காகப் பராமரிப்புத் தொகை கேட்டு வழக்குப் போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. எண்தான் மாறியது, கடமை மாறவில்லை.

சரி, அப்படியானால் உறவினர் கையில் குழந்தையைக் கொடுக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன?

இருக்கிறபடியே விடுவது

பாட்டி வீட்டில் விட்டு வளர்ப்பது, மாமா வீட்டில் தங்கிப் படிப்பது எல்லாம் நமக்குப் புதிதில்லை. தாய் ஒரு வருடம் சிகிச்சையில் இருக்கிறார், தகப்பனுக்கு வேலை வெளியூரில், இப்படி முடிவு தெரிந்த காரணம் என்றால் இதுவே போதும். தாயும் தகப்பனும் கையெழுத்திட்ட ஒரு கடிதம், ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ் நகல், பள்ளியிலும் மருத்துவரிடமும் காட்ட ஒரு தொலைபேசி எண். இவ்வளவு இருந்தால் அன்றாட வேலைகள் ஓடிவிடும். ஆனால் எங்களுக்கு நடந்தது போல, அவசரம் வரும்போது இந்த ஏற்பாடு நம்மைக் கைவிட்டுவிடலாம். சொத்து, பாஸ்போர்ட் விஷயங்களிலும் அப்படித்தான். ஒரு வருடத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால் இதை நம்பி இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

இங்கே இன்னொன்று. வறுமைதான் காரணம் என்றால், குழந்தையைக் கொடுக்கும் பேச்சை எடுப்பதற்கு முன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய் நிதி ஆதரவுத் திட்டம் பற்றிக் கேளுங்கள். மிஷன் வத்சல்யா திட்டத்தில், கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், கடும் நோயில் இருப்பவர் ஆகியோரின் குழந்தைகளுக்கும், பெற்றோர் இல்லாமல் உறவினர் வீட்டில் வளரும் குழந்தைகளுக்கும் மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி இருக்கிறது. வருமான வரம்பு உண்டு, விசாரணையும் உண்டு. எங்கள் அக்காவுக்கு அன்று இதை யாராவது சொல்லியிருந்தால் ஒருவேளை பையனைக் கொடுத்தே இருக்க மாட்டார். இன்றும் எனக்கு அது உறுத்துகிறது.

காப்பாளர் நியமனம்

1890-ஆம் வருடத்துக் காப்பாளர் மற்றும் பாதுகாப்புக்குட்பட்டோர் சட்டம் இன்னமும் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி நீதிமன்றத்தில் மனுப் போட்டு சித்தியையோ தாத்தாவையோ சட்டப்படியான காப்பாளராக நியமிக்கலாம். பெற்றவர் பெற்றவராகவே இருப்பார். குழந்தையின் பெயர், முதலெழுத்து, சாதிச் சான்றிதழ், பெற்றவர் வழிச் சொத்துரிமை எதுவும் மாறாது. காப்பாளர் கையெழுத்துப் போடலாம், பள்ளியில் சேர்க்கலாம், சிகிச்சைக்குச் சம்மதம் தரலாம். குழந்தையின் பெயரில் உள்ள நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். 18 வயது நிறைந்ததும் காப்பாளர் பொறுப்பு முடிந்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் ஒரு தடை உண்டு. தாயோ தகப்பனோ உயிரோடும் தகுதியோடும் இருக்கும்போது வேறொருவரைக் காப்பாளராக்க நீதிமன்றம் எளிதில் முன்வராது, சட்டத்தின் 19-ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. அதனால் பெற்றவரால் ஏன் முடியவில்லை, குழந்தை இப்போது யாரோடு எப்படி இருக்கிறது, இது குழந்தைக்கு ஏன் நல்லது என்பதை மனுவில் தெளிவாக, ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். மருத்துவ அறிக்கை, பள்ளிப் பதிவு, பெற்றவரின் சம்மதப் பிரமாணப் பத்திரம் எல்லாம் அதற்குத்தான். விவரம் தெரிந்த குழந்தை என்றால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்பார்.

பெற்றவர் பிறகு நிலைமை சீராகி வந்து குழந்தையைக் கேட்டால்? கேட்க முடியும். இதுதான் இந்த வழியின் பலம். ஆனால் லாக்கரில் வைத்த நகையைத் திரும்ப எடுப்பது போல இது நடக்காது. குழந்தையின் நலன் எங்கே இருக்கிறது என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். ஏழு வருடம் சித்தியோடு இருந்த குழந்தையை ஒரே மனுவில் பெயர்த்து எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள்.

தந்தை இருக்கும்போது தாய்க்கு இதில் என்ன நிலை என்று பல பெண்கள் கேட்கிறார்கள். இந்துக் குழந்தைகளுக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, "அவருக்குப் பின்" தாய் என்று 1956-ஆம் வருடத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது. அந்தப் "பின்" என்ற சொல்லுக்கு, தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள் இல்லை, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் என்று பொருள் என உச்ச நீதிமன்றம் 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் சொல்லிவிட்டது. தனியாக வளர்க்கும் தாய்மார்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தாத்தா பாட்டி வளர்க்கும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இந்த வழியே பொருந்தும் என்று நினைக்கிறேன். மகள் வயிற்றுப் பேரனைத் தத்தெடுத்தால் பெற்ற தாய் அவனுக்குச் சட்டப்படி அக்காவாகிவிடுவாள். அந்தச் சிக்கலைக் குழந்தை தலையில் ஏற்றுவானேன்? தாத்தாவின் வயதையும் பார்க்க வேண்டும். நீதிமன்றம் நியமித்த காப்பாளர் இறந்துவிட்டால் புதிதாக மனுப் போட வேண்டியிருக்கும். அதற்குத் தயாராக, அடுத்து யார் என்று குடும்பத்தில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இந்துச் சட்டப்படி தத்து

நம் ஊரில் "சுவீகாரம்" என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் குறிக்கிறோம். 1956-ஆம் வருடத்து இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம். இந்துக்களுக்கு மட்டுமில்லை, பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் பொருந்தும். கொடுப்பவர், எடுப்பவர், குழந்தை மூவரும் இதற்குள் வர வேண்டும். நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. பெற்றவர் கையால் கொடுத்து, எடுப்பவர் கையால் வாங்க வேண்டும். அந்தக் கொடுத்தல் வாங்கல்தான் சட்டத்தின் உயிர். தத்த ஹோமம் கட்டாயமில்லை. பத்திரப் பதிவும் கட்டாயமில்லை, ஆனால் கொடுத்தவரும் எடுத்தவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த பத்திரம் இருந்தால், அது பொய் என்று எதிராளி நிரூபிக்கும் வரை தத்து செல்லும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஆகவே பதிவு செய்யாமல் விடுவது முட்டாள்தனம் என்றே சொல்வேன்.

எங்கள் முத்திரைத்தாளில் இருந்த குறை இப்போது புரிந்திருக்கும். "உரிமை இல்லை", "வளர்த்துக்கொள்ளட்டும்" என்று இருந்ததே தவிர, "தத்துக் கொடுத்தேன்", "தத்து எடுத்தேன்" என்று எங்கேயும் இல்லை. கொடுத்து வாங்கிய நாள் என்று ஒன்று நடக்கவும் இல்லை.

அந்த நாள் பிறகு நடந்தது. சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவதற்கு முன், அண்ணன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பையன் வளர்ந்துவிட்டான், மடியில் வைத்துக் கொடுக்கிற வயதில்லை. அக்கா அவன் வலது கையைப் பிடித்து அண்ணன் கையிலும் அண்ணி கையிலும் சேர்த்து வைத்தார். எலும்பு கூடிய அதே கை. ஒரு தம்பி போட்டோ எடுத்தான், அதைப் பத்திரத்தோடு வைத்திருக்கிறோம். அக்கா அழவில்லை. அண்ணிதான் அழுதார்.

இந்தச் சட்டத்தின் நிபந்தனைகளில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். முக்கியமானது 11-ஆம் பிரிவு. ஆண் குழந்தையைத் தத்தெடுக்கிறவருக்கு மகனோ மகன் வழிப் பேரனோ கொள்ளுப்பேரனோ உயிரோடு இருக்கக் கூடாது. பெண் குழந்தை என்றால், மகளோ மகன் வழிப் பேத்தியோ இருக்கக் கூடாது. எங்கள் அண்ணனுக்கு ஒரே மகள் என்பதால் தங்கை மகனை எடுக்க முடிந்தது. அவருக்கு ஒரு மகன் இருந்திருந்தால், அதே தத்து செல்லாத தத்து. இதில் கொடுமை என்னவென்றால், பத்திரம் பதிவாகியும் இருக்கலாம். பதிவாகிவிட்டது என்பதாலேயே செல்லும் என்று ஆகிவிடாது. எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். இருபது முப்பது வருடம் கழித்துச் சொத்துப் பிரிக்கும்போது யாராவது ஒருவர் இந்தப் பிரிவைத் தூக்கிக்கொண்டு வருவார். அன்றைக்கு நடுத்தெருவில் நிற்பது அந்தப் பிள்ளை.

மற்றவை: வழக்கம் அனுமதித்தால் தவிர, குழந்தைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. ஓர் ஆண் பெண் குழந்தையை எடுத்தாலும், ஒரு பெண் ஆண் குழந்தையை எடுத்தாலும் 21 வயது வித்தியாசம் வேண்டும். கணவனோ மனைவியோ எடுத்தால் மற்றவரின் சம்மதம் வேண்டும். பணமோ வேறு பிரதிபலனோ கொடுக்கல் வாங்கல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை. "பையனைக் கொடு, கடனை அடைக்கிறேன்" என்பதும் பிரதிபலன்தான்.

கொடுப்பவர் பக்கம் வருவோம். 2010 திருத்தத்துக்குப் பிறகு தாய்க்கும் தந்தைக்கும் கொடுக்கும் உரிமை சமம், ஆனால் ஒருவர் கொடுக்க மற்றவரின் சம்மதம் வேண்டும். மற்றவர் முழுத் துறவு பூண்டிருந்தால், மதம் மாறியிருந்தால், மனநிலை சரியில்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்திருந்தால் மட்டும் விலக்கு. "விட்டுவிட்டு ஓடிவிட்டார்" என்பது அந்தப் பட்டியலில் இல்லை. விவாகரத்து ஆனதும் இல்லை. கணவர் எங்கே என்றே தெரியாத ஒரு பெண், தன் தங்கைக்குக் குழந்தையைத் தத்துக் கொடுக்க நினைத்தால் இங்கேயே முட்டிக்கொள்வார். அவர் காப்பாளர் நியமன வழியைப் பார்ப்பது நல்லது. கணவர் இறந்திருந்தால் தாய் ஒருவரே கொடுக்கலாம். மாமனார் மாமியாரின் சம்மதத்தைச் சட்டம் கேட்பதில்லை. கேட்டுவிட்டுச் செய்வது மனிதத்தன்மை, அது வேறு.

இப்போது இதன் கடுமையான பக்கம். 15-ஆம் பிரிவு. செல்லுபடியான தத்தை யாராலும் ரத்து செய்ய முடியாது. கொடுத்தவரால் முடியாது, எடுத்தவரால் முடியாது, வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளையே நினைத்தாலும் பிறந்த வீட்டுக்குச் சட்டப்படி திரும்ப முடியாது. கை மாறிய நொடியில் உறவு மாறிவிடுகிறது. பெற்ற வீட்டோடு இருந்த கயிறு அறுகிறது, தத்துக்கு முன்பே பிள்ளையின் பெயரில் வந்து சேர்ந்த சொத்து மட்டும் அதனோடு போகும். பிறகு பெற்ற தாய் உயில் எழுதாமல் இறந்தால் இந்தப் பிள்ளை அவருக்கு வாரிசு இல்லை. எடுத்தவருக்கோ முழு வாரிசு. பார்க்க வரும் உரிமைகூடப் பெற்றவருக்குச் சட்டத்தில் மிஞ்சுவதில்லை, வீட்டாரின் நல்ல மனசுதான் மிச்சம். உறவுக்குள் கொடுக்கிறோம், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள், நாளை அண்ணனோடு நிலத் தகராறு வந்தால் என்ன ஆகும் என்று ஒரு இரவு உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

உறவுமுறையும் சேர்ந்தே மாறுகிறது. எங்கள் வீட்டில் அக்கா அவனுக்கு அத்தையானார். முறைப்பெண்ணாக இருந்த அண்ணன் மகள் அவனுக்கு அக்காவானாள். பிறந்த வீட்டில் யாரை மணக்கத் தடையோ அந்தத் தடை அப்படியே தொடரும். நம் குடும்பங்களில் இது சின்ன விஷயமில்லை, பெரியவர்கள் முன்னாலேயே தெளிவாகப் பேசிவிட வேண்டும்.

இளைஞர் நீதிச் சட்டப்படி உறவினர் தத்து

மகன் இருக்கிறான், இருந்தாலும் தங்கை மகனை எடுக்க வேண்டும். அல்லது குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம், இஸ்லாமியக் குடும்பம். இவர்களுக்கு முன்பெல்லாம் காப்பாளர் நியமனம் ஒன்றுதான் கதி. இன்று 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, எந்த மதமானாலும் ஒரு உறவினரின் குழந்தையை இன்னொரு உறவினர் தத்தெடுக்கலாம் என்கிறது. இதற்கு முந்தைய சட்டம் இருந்த காலத்திலேயே, 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில், மதம் எதுவானாலும் விரும்புகிறவர் இந்த வழியில் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. விரும்பாதவர் தங்கள் மத வழக்கப்படியே இருக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

இங்கே "உறவினர்" என்ற சொல்லுக்குச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, இரு வழித் தாத்தா பாட்டி. அவ்வளவுதான். ஒன்றுவிட்ட சித்தப்பா வர மாட்டார். குழந்தையின் சொந்த அண்ணனோ அக்காவோகூட இந்தப் பட்டியலில் இல்லை. இந்துச் சட்டத்தில் இந்த எல்லை கிடையாது. எடுப்பவர் உறவாகவே இருக்க வேண்டியதில்லை.

நடைமுறை இப்படி. காரா என்று சொல்லப்படும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பொதுவாகத் தத்தெடுக்க வருடக்கணக்கில் காத்திருக்கிறார்களே, அந்த வரிசை இவர்களுக்கு இல்லை. பெற்றவர்களின் சம்மதம், குழந்தைக்கு ஐந்து வயதோ அதற்கு மேலோ என்றால் குழந்தையின் சம்மதம், உறவை நிரூபிக்கும் பிரமாணப் பத்திரம் எல்லாம் வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு சரிபார்க்கும். முன்பு நீதிமன்றம் உத்தரவு தந்தது. 2021 திருத்தம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து மாவட்ட ஆட்சியரே உத்தரவு தருகிறார். தனியாக இருக்கும் ஓர் ஆணால் பெண் குழந்தையை எடுக்க முடியாது.

இந்துச் சட்டத்தை விட இதில் அலைச்சல் அதிகம். ஆனால் கையில் ஆட்சியர் உத்தரவு என்று ஒன்று கிடைக்கிறது. பிறப்புச் சான்றிதழ் மாற்றவும் பிறகு எதிர்வரும் சந்தேகங்களுக்கும் அது வலுவான தாள். அப்புறம், ஐந்து வயதுக் குழந்தையைக்கூட ஒருவர் உட்கார வைத்துக் கேட்கிறார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இந்துச் சட்ட வழியில் பெற்றவர் கொடுக்கும்போது குழந்தையைக் கேட்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

தத்தெடுப்பவர் வெளிநாட்டில் இருந்தால், எந்தச் சட்டப்படி எடுத்தாலும் காராவின் தடையில்லாச் சான்று இல்லாமல் குழந்தையை அழைத்துப் போக முடியாது. இங்கே பத்திரம் பதிவு செய்துவிட்டு அப்புறம் விசாவுக்குப் போகலாம் என்று நினைத்தவர்கள் மாட்டிக்கொண்டு தவிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒப்படைப்பு என்பது வேறு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், தெரியாமல் யாரும் இந்த வாசலில் நுழைந்துவிடக் கூடாது என்பதுதான். குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையை ஒப்படைக்கும் வழி, யாருமே இல்லாத, எந்த வகையிலும் வளர்க்க முடியாத பெற்றோருக்கானது. அங்கே கையெழுத்துப் போட்டால் மனம் மாற இரண்டு மாதம் தருவார்கள். அதற்குள் போய்க் கேட்கவில்லை என்றால் குழந்தை பொதுத் தத்தெடுப்புக்குப் போகும். வரிசையில் காத்திருக்கும், நீங்கள் பார்த்தே இராத ஒரு தம்பதியிடம் போய்ச் சேரும். "அங்கே கொடுத்தால் என் தங்கைக்கு எடுத்துக் கொடுப்பார்கள்" என்று நம்பிப் போகாதீர்கள். இன்னாருக்கு என்று குறித்துக் கொடுக்கும் வழி அதுவல்ல.

எதை எடுப்பது?

என்னைக் கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் கஷ்டத்துக்கு ஒரு முடிவு தேதி தெரிகிறதா? நோய் குணமாகும், கடன் அடையும், மறுபடி வேலை கிடைக்கும் என்று ஏதாவது ஒரு வெளிச்சம் இருந்தால், தத்துப் பேச்சை எடுக்காதீர்கள். காப்பாளர் நியமனமோ, குறுகிய காலம் என்றால் ஒரு கடிதமோ போதும். கஷ்டம் மூன்று வருடம், தத்து ஆயுள் முழுக்க. கணவர் இறந்த ஏழாம் மாதம் எடுக்கிற முடிவு, மறுமணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் "பிள்ளை வேண்டாம்" என்றதால் எடுக்கிற முடிவு, பிரசவித்த வாரத்தில் எடுக்கிற முடிவு, இவை மூன்றையும் ஒரு வருடமாவது தள்ளிப்போடச் சொல்வேன். இந்துச் சட்டத்தில் மனம் மாற ஒரு நாள்கூட அவகாசம் கிடையாது, ஆகவே அந்த அவகாசத்தை நாமே நமக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வருடம் குழந்தை அந்த வீட்டில் இருக்கட்டும். அவர்கள் எப்படி வளர்க்கிறார்கள், கோபம் வந்தால் என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்று பாருங்கள். "உங்க அம்மாதான் உன்னை வேண்டாம்னு விட்டுட்டுப் போயிட்டா" என்ற ஒரு வாக்கியம் அந்த வீட்டிலிருந்து வந்தால், பத்திரம் வேண்டாம்.

மறுபுறம், குழந்தை பல வருடமாக அந்த வீட்டில்தான் வளர்கிறது, பெற்றவர் திரும்பி வந்து வளர்க்கப் போவதில்லை என்று அவருக்கே தெரிகிறது, வளர்ப்பவர்களும் இதைப் பாரமாக நினைக்கவில்லை என்றால், காப்பாளர் என்ற அரைகுறை நிலையில் பிள்ளையைப் பதினெட்டு வயது வரை நிறுத்தி வைப்பது நியாயமில்லை. வளர்த்தவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அங்கே ஒன்றும் இல்லை. அப்போது தத்துதான் பிள்ளைக்கு நல்லது. இந்துக் குடும்பம், 11-ஆம் பிரிவு தடுக்கவில்லை, 15 வயதுக்குள், பெற்றவர் இருவரும் சம்மதம் அல்லது ஒருவர் உயிரோடு இல்லை என்றால் பதிவு செய்த தத்துப் பத்திரம் சுருக்கமான வழி. இதில் சம்மதம் தவிர வேறு ஏதாவது ஒன்று இடித்தாலும் காராவின் உறவினர் தத்து. சந்தேகம் இருந்தால் அலைச்சலைப் பார்க்காமல் இரண்டாவதையே எடுங்கள்.

எந்த வழியானாலும் குழந்தையிடம் மறைக்காதீர்கள். உறவுக்குள் நடப்பது எப்படியும் தெரிந்துவிடும். கல்யாண வீட்டில் யாராவது ஒரு பாட்டி கன்னத்தைத் தடவிச் சொல்லிவிடுவார். அதற்கு முன் நாம் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் பையனுக்கு இப்போது பத்தொன்பது வயது. கல்லூரி விண்ணப்பத்தில் பெற்றோர் பெயரில் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். அவசரத் தொடர்புக்கு இன்னொரு எண் கேட்டிருந்த கட்டத்தில் அக்காவின் எண்ணை எழுதினான். பக்கத்தில் "உறவு" என்று ஒரு சின்னக் கட்டம். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, அவரை வீட்டில் கூப்பிடுகிறபடியே எழுதினான்: அத்தம்மா.